கத்தரிக்கோல் தின்ற இடம்

போரைப் பற்றிக் கடற்படைக்காரர்கள்
அதிகம் எழுதுவதில்லை.
வெங்காயம் கேட்கிறார்கள்.
பதினெட்டுப் பீப்பாய் காடி, பாய்த்துணி, ஆணி,
மூன்று வருடமாக வராத சம்பளம்.
கடைசியில் மட்டும்
பீரங்கி வெடித்தது போல ஒரு கையெழுத்து.

என்னிடம் நாற்பத்தாறு இருக்கின்றன.
அட்மிரல் ஸ்லோட்டமேக்கர் தன் பெயரை
நங்கூரக் கயிறு மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார்.
லெஃப்டினன்ட் பௌமா காய்ச்சலில் எழுதியது
பாதியில் சரிந்து
காகித ஓரத்தில் கரை ஒதுங்கிக் கிடக்கிறது.
ஆல்ட்யே கேட்பாள்:
"கடன் கொடுத்தவன் கையெழுத்துக்கு அலைவான்.
உனக்கு என்ன வந்தது?"
டென் ஹெல்டரில் பிறந்தவன் நான்.
டெக்ஸல் தீவுக்குப் போகும் படகில்
கார்களை வரிசையாக நிறுத்துகிறேன்.
இருபது நிமிடக் கடல்.
அதற்கு மேல் போனதில்லை.

நாற்பத்தேழாவது, கடிதமே அல்ல.
தீப்பெட்டி அளவு துண்டு.
யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பெண்
ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப்
பெயரை மட்டும் நறுக்கியெடுத்திருக்கிறாள்.
அந்தக் காலத்து மோகம் அது,
மீன் தலையை வைத்துக்கொண்டு
உடலை வீசிவிடுவது.
யோஸ்ட் ஹாரிங்ஸ்மா, கேப்டன், 1782.
ஹோர்ன் ஏலத்தில் நாற்பது யூரோ.
திருப்பினால், முதுகில் மூன்று வரிகளின் மிச்சம்:
            …யனின் தாய்க்கு
            …ப்பது கில்டர்
            …சொல்ல வேண்…

பதினோரு வருடம்
வாலைப் பிடித்துக்கொண்டு மாட்டைத் தேடினேன்.
கடன் என்று நினைத்தேன்.
ஒரு மழைக்காலம் முழுக்கக் கள்ளக்காதல் என்றும்.

போன நவம்பரில் எம்டனிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி.
மருந்துக்கடைக்காரரின் விதவை
எடைக்குப் போட்ட காகிதங்கள்.
அடியில்
ஜன்னல் வைத்த ஒரு கடிதம்.
பெயரில்லாக் கடிதத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை:
தபால் செலவோடு ஒன்பது யூரோ.

சமையல் மேசையில் ரொட்டித் தூளைத் துடைத்துவிட்டுத்
துண்டை ஜன்னலில் வைத்தேன்.
விளக்குக்கு நேரே தூக்கியபோது
நீர்க்குறிச் சிங்கத்துக்கு வால் வந்து சேர்ந்தது.
ஆல்ட்யே பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

முன்பக்கம் பாய்த்துணிக் கணக்கு.
பின்பக்கம், அவசரக் கையில்:
"புயலில் பாய்மரம் ஏறச் சொன்னது நான்தான்.
டியூவர் என்ற சமையல் பையனின் தாய்க்கு
என் சம்பளத்தில் முப்பது கில்டர்.
போர்வைக்கும் செருப்புக்கும் அவன் பட்ட கடனை
அடித்துவிட்டேன்.
எப்படி விழுந்தான் என்பதை
அவளிடம் சொல்ல வேண்

அவ்வளவுதான்.
ஆல்பச் சட்டத்துக்குள் அடங்கவில்லை போலும்,
அந்தப் பெண் ஓரத்தை இன்னொரு முறை
ஒரு விரல் அகலம் நறுக்கியிருக்கிறாள்.
டும்மா? டாமா?
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
இரும்பு மை அரித்த விளிம்பில்
ஒரு கோட்டின் தொடக்கம் தெரிகிறது,
எந்தப் பக்கம் வளையும் என்பது தெரியவில்லை.
"டாம்" என்றாள் ஆல்ட்யே உடனே.
கொஞ்ச நேரம் கழித்து,
"டும்மாகவும் இருக்கலாம்."

ரோட்டர்டாம் வியாபாரி போனில் சொன்னான்:
ஒட்டிக் கொடு, இரண்டாயிரம் தருகிறேன்.
ஒட்டவில்லை.
பட்டியலில் பென்சிலால் எழுதினேன்:
47, டியூவர், சமையல் பையன்.
47 அ, அவன் கேப்டன்.

மறுநாள் முதல் படகு.
பின்தளத்தில் கடற்காகங்களுக்கு ரொட்டி வீச
ஒரு சிறுவன்
கம்பியின் இரண்டாம் படியில் ஏறி நின்றான்.
"இறங்கு!"
அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.
காரிலிருந்து ஓடிவந்த அவன் தாய்
என்ன நடந்தது என்று கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

பையன்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.